கட்டாரில் 11,000 ரியால், வெள்ளவத்தையில் குடும்பம்: இரண்டு வருட கொன்ட்ராக்டுக்குப் போகலாமா?

கேட்டிருக்கும் தம்பிக்கு 34 வயது. கொழும்பில் ஒரு கட்டுமானக் கம்பனியில் 7 வருடமாக கியூஎஸ் (கட்டட வேலையின் அளவையும் செலவுக் கணக்கையும் பார்ப்பவர்), சம்பளம் 210,000 ரூபா. வெள்ளவத்தையில் வாடகை வீடு, மனைவிக்கு வங்கியில் வேலை, மகள் முதலாம் தரம், மகனுக்கு 2 வயது, கூடவே சீனி வருத்தத்துக்கு மாதாமாதம் கிளினிக் போய்வரும் அம்மா. டோஹாவில் இருந்து 2 வருட கொன்ட்ராக்ட் ஒன்று வந்திருக்கிறது: எல்லாம் சேர்த்து 11,000 ரியால், அதில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 5,500, தங்குமிடம் நீங்களே பார்க்க வேண்டும், குடும்பத்தைக் கூட்டிப்போகாத சிங்கிள் ஸ்டேட்டஸ், வருடத்துக்கு 30 நாள் லீவும் ஒரு டிக்கெட்டும். மனைவியிடம் கேட்டால் "உங்கட விருப்பம்" என்கிறார். போகலாமா என்பதுதான் கேள்வி.

தம்பி, இந்த ஒஃபர் இப்படியே இருந்தால் வேண்டாம். திருத்தி வாங்க முடிந்தால் போகலாம், ஆனால் ஒரு தடவை மட்டும். அந்த "ஒரு தடவை மட்டும்" என்பதைத்தான் இங்கே அதிகமாகப் பேசப் போகிறேன், ஏனென்றால் கட்டாரிலும் டுபாயிலும் கட்டுமானக் கம்பனிகளின் கொமர்ஷியல் பக்கத்தில் வேலை செய்த காலத்தில் நம் ஆட்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், முதல் கொன்ட்ராக்டுக்கு வரும்போது வீட்டோடு பேசி, கோயிலுக்குப் போய், இரவிரவாகக் கணக்குப் போட்டுத்தான் வருகிறார்கள். இரண்டாவது கொன்ட்ராக்டை உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்தவர் என்று எனக்கு ஒருவரும் ஞாபகம் இல்லை. அது தானாக நடக்கிறது. முதல் இரண்டு வருடத்தில் வீட்டுச் செலவு ரியாலுக்கு ஏற்றபடி வளர்ந்துவிடும், இங்கே இருந்த வேலையில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவார், ஒரு கடனும் எடுத்தாகிவிடும், அப்புறம் யாரும் "போகலாமா" என்று கேட்பதில்லை, "எப்போது லீவு" என்றுதான் கேட்பார்கள்.

லண்டனுக்கோ ரொறொன்ரோவுக்கோ போன நம் சொந்தக்காரர்களோடு இதை ஒப்பிட வேண்டாம். அங்கே முதலில் ஒருவர் போவார், பேப்பர் சரிவந்ததும் குடும்பத்தைக் கூப்பிடுவார், பிரிவு ஒரு கட்டத்தில் தானாக முடியும். வளைகுடாவில் சிங்கிள் ஸ்டேட்டஸில் போகிறவனுக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. எத்தனை வருடம் இருந்தாலும் குடியுரிமை கிடைப்பது மிக அரிது. நீங்கள் திரும்பி வந்தால்தான் பிரிவு முடியும், அதை வேறு யாரும் உங்களுக்காகச் செய்து தரப்போவதில்லை.

சரி, முதலில் காசு. 11,000 ரியாலை, ஒரு ரியால் ஏறக்குறைய 82 ரூபா என்று வைத்துப் பெருக்கினால் 902,000. உங்கள் 210,000ஐக் கழித்தால் மாதம் 692,000 வித்தியாசம், இரண்டு வருடத்துக்கு 1 கோடி 66 இலட்சம். இந்தத் தொகைதான் உங்கள் தலையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். இது உண்மையான கணக்கு இல்லை.

உண்மையான கணக்கு இப்படி. இங்கே உங்கள் 210,000 முழுவதும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கழிக்கும் சம்பளம் என்று வைத்துக்கொண்டால், 8 சதவீதம் 16,800 போகிறது, 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 வரை வரி இல்லை என்பதால் மிச்சம் 60,000க்கு 6 சதவீத வரி 3,600 போகிறது, கைக்கு வருவது 189,600. ஆனால் உங்கள் பெயரில் சேர்வது அதற்கு மேல்: ஈபிஎஃப்பில் உங்கள் 8உம் கம்பனியின் 12உம் சேர்த்து மாதம் 42,000, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம் 6,300, பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் மாதத்துக்கு 8,750. மொத்தம் 57,000க்குக் கொஞ்சம் மேல். கண்ணுக்குத் தெரியாமல் சேரும் இந்தக் காசு நீங்கள் விமானம் ஏறும் மாதத்தோடு நின்றுவிடும்.

அங்கே தங்குமிடம் உங்கள் பொறுப்பு. இரண்டு மூன்று பேரோடு பகிர்ந்து ஓர் அறை, மெஸ் சாப்பாடு, போக்குவரத்து, போன் எல்லாம் சேர்த்து 3,500 ரியால் என்று நிதானமாகவே போடுகிறேன். கையில் 7,500 ரியால், அதாவது 615,000 ரூபா. வீட்டுக்கு இப்போது நீங்கள் கொடுக்கும் 190,000 குறையாது. உங்கள் பஸ், மத்தியானச் சாப்பாடு குறையும், ஆனால் இப்போது நீங்கள் சம்பளம் இல்லாமல் செய்யும் வேலைகளுக்கு ஆள் வைக்க வேண்டும்: மகளுக்கு ஸ்கூல் வேன், அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போக ஓட்டோ, பகலில் வீட்டில் சின்னவனைப் பார்க்க யாராவது. 200,000 என்று வையுங்கள். மிச்சம் 415,000. அதில் நீங்கள் இழக்கும் அந்த 57,000ஐக் கழிக்க வேண்டும். கட்டார் சட்டப்படி ஒரு வருடம் முடிந்தால் வருடத்துக்குக் குறைந்தது 3 வாரப் பேசிக் சம்பளம் பணிக்கொடையாக உண்டு, அதைக் கூட்டலாம். ஆனால் பேசிக் 5,500தான் என்பதால் இரண்டு வருடத்துக்கு 7,700 ரியால் மட்டும், மாதத்துக்குப் பிரித்தால் 26,000 ரூபா. கடைசியில் நிற்பது மாதம் 384,000 அளவில், இரண்டு வருடத்துக்கு 92 இலட்சம். லீவில் வரும்போது வெறுங்கையோடு வர முடியாதே, அந்தச் செலவையும் எடுத்துவிட்டால் 85 இலட்சம்.

1 கோடி 66 இலட்சம் பாதியாகிவிட்டது. 85 இலட்சமும் சின்னக் காசு இல்லை, நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. இங்கே இருந்துகொண்டு அதை மிச்சம் பிடிக்க உங்களுக்குப் பல வருடம் எடுக்கும். ஆனால் நீங்கள் தீர்மானிக்க வேண்டியது இந்தத் தொகையை வைத்துத்தான், 902,000ஐ வைத்து இல்லை. ரூபாவின் விலை பற்றியும் ஒரு வார்த்தை. 2021இல் ஒரு ரியால் 55 ரூபா, 2022 நெருக்கடியில் 100ஐத் தொட்டது, இப்போது 80க்கு மேல். அந்த வருடம் வெளிநாட்டில் இருந்தவன் ஒரே இரவில் பணக்காரன் ஆனதுபோல எல்லோருக்கும் தோன்றியது, ஆனால் சாமான் விலையும் வீட்டு விலையும் பின்னாலேயே ஏறிவிட்டன. ரூபா விழும் என்ற நம்பிக்கையில் வீட்டை விட்டுப் போக வேண்டாம்.

இப்போது அந்த 85 இலட்சத்தை என்ன செய்யப் போகிறீர்கள்? நீங்கள் கேள்வியில் அதை எழுதவில்லை, "எதிர்காலத்துக்கு" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எதிர்காலம் என்றால் வெள்ளவத்தையில் ஒரு ஃப்ளாட் என்று நான் ஊகிக்கிறேன், கொழும்பில் நம் ஆட்களுக்கு அதுதான் கனவு. அந்தக் காசுக்கு காலி வீதியின் கடல் பக்கமும் கிடைக்காது, இந்தப் பக்கமும் கிடைக்காது. முற்பணம் கொடுக்கத்தான் போதும். மிச்சத்துக்கு வங்கிக் கடன் எடுப்பீர்கள், வங்கியும் உங்கள் ரியால் சம்பளத்தைப் பார்த்து மகிழ்ச்சியாகக் கொடுக்கும், 15 வருடம், 20 வருடம். அந்தத் தவணையை 210,000 சம்பளத்தில் கட்ட முடியாது. அதாவது அந்தக் கடனில் கையெழுத்துப் போடும் நாளில் நீங்கள் இரண்டாவது கொன்ட்ராக்டிலும் மூன்றாவதிலும் சேர்த்தே கையெழுத்துப் போடுகிறீர்கள். 2022இல் கடன் வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியபோது மாறும் வட்டிக்குக் கடன் எடுத்திருந்தவர்கள் பட்ட பாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீடு வெள்ளவத்தையில் பூட்டிக் கிடக்க, அல்லது மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருக்க, உரிமையாளர் டோஹாவில் மூன்று பேரோடு ஓர் அறையில் படுத்திருந்த கதைகள் எனக்குத் தெரியும்.

ஆகவே போவதென்றால், இரண்டு வருடத்தில் முழுவதாக முடியும் காரியம் ஒன்றைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். இருக்கும் கடனையும் அடகில் இருக்கும் நகையையும் மீட்பது ஒன்று. கடன் இல்லாமல் வாங்கக்கூடிய ஒரு காணி, அது வெள்ளவத்தையில் இல்லாமல் வத்தளைக்கு அப்பால் இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் தொழிலில் பட்டயத் (சார்ட்டர்ட்) தகுதியை முடித்துக்கொண்டு இங்கே அடுத்த படிக்கு வருவது இன்னொன்று, எனக்குப் பிடித்தது அதுதான், ஏனென்றால் திரும்பி வரும்போது சம்பளமும் உயர்ந்திருக்கும். எதுவானாலும் தொகையை ரியாலில் எழுதி வையுங்கள். அதைத் தொட்டதும் வேலை முடிந்தது.

கியூஎஸ் என்பதால் உங்களுக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது, மேசனுக்கோ எலெக்ட்ரீஷியனுக்கோ இது கிடையாது. கட்டடம் முடிந்தால் அவர்களின் வேலை முடிகிறது. நமக்கு அப்போதுதான் தலையிடி தொடங்குகிறது: வேரியேஷன் (இடையில் மாறிய வேலைகளின் கணக்கு), கால நீடிப்புக் கோரிக்கை, சப்-கொன்ட்ராக்டர்களின் பாக்கி, ஃபைனல் அக்கவுண்ட் என்ற கடைசிக் கணக்கு. கட்டடத்தின் திறப்பு விழா முடிந்து ஒரு வருடம் ஆனபிறகும் அளவுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் கியூஎஸ்களை எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு முழுவதும் உங்கள் தலையில் இருப்பதால் கம்பனி "இன்னும் ஒரு ஆறு மாதம்" என்று கெஞ்சும், சம்பளத்தில் கொஞ்சம் கூட்டியும் தரும், பெருமையாகவும் இருக்கும். வீட்டில் மகளுக்கு நீங்கள் சொன்ன தேதி தள்ளிப்போகும். சட்டப்படி உங்களைப் பிடித்து வைக்க முடியாது, கட்டாரில் இப்போது நாட்டை விட்டு வெளியேறப் பெரும்பாலானவர்களுக்கு முதலாளியின் அனுமதி தேவையில்லை, இரண்டு வருடம் வரை வேலை செய்தவர் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் போதும். ஆனால் சட்டம் அல்ல, முகதாட்சண்யம்தான் ஆட்களை நிறுத்தி வைக்கிறது. முதல் நாளிலேயே மேலாளரிடம் "24ஆம் மாதம் நான் இல்லை, 18ஆம் மாதத்தில் இருந்து எனக்குக் கீழே ஒருவரைப் பழக்குங்கள்" என்று எழுத்தில் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. 2022 உலகக் கோப்பை முடிந்ததும் கட்டாரில் கட்டட வேலைகள் சுருங்கின, இரண்டு வருடம் என்று நம்பி வந்தவர்கள் பாதியில் பெட்டியைக் கட்டினார்கள். கொன்ட்ராக்ட் உங்களைக் கட்டிப்போடும் அளவுக்குக் கம்பனியைக் கட்டிப்போடாது. அதனால்தான் போகும் முன்பே கடன் எடுக்க வேண்டாம் என்கிறேன், விசாவுக்கு ஏஜென்சி காசு கேட்டாலும் சேர்த்துத்தான். ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக்கூடாது என்பது கட்டார் சட்டம்.

இனி வீடு. நம் நாட்டில் 2013இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் பெண் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போக முடியாது, மற்றப் பெண்களும் குடும்பப் பின்னணி அறிக்கை ஒன்று எடுக்க வேண்டும், பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று அதிகாரி வந்து விசாரிப்பார். 2022இல் அதைத் தளர்த்தினார்கள். இந்தக் கேள்வியை ஆண்களிடம் ஒருநாளும் கேட்டதில்லை, நீங்கள் 2 வயது மகனை விட்டுப் போகும்போதும் யாரும் கேட்கப் போவதில்லை. மலையகத்தில் இருந்தும் கிழக்கில் இருந்தும் போன தாய்மாரை அவமானப்படுத்திய விதி அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதில் இருந்த கேள்விகள் நல்ல கேள்விகள். அந்த அறிக்கையை நீங்களே உங்களுக்கு எழுதிப் பாருங்கள், மனைவியையும் உட்கார வைத்து.

மகனுக்கு இரவில் காய்ச்சல் வந்தால் மூத்தவளை யாரிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது? அம்மாவுக்குச் சீனி இறங்கினால் வங்கியில் இருக்கும் மருமகளுக்கு யார் போன் பண்ணுவது, அவர் வர எவ்வளவு நேரம் ஆகும்? வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினால் யார் பேசுவது? பெற்றோர் கூட்டம், சொந்தத்தில் கல்யாணம், செத்த வீடு, இவற்றுக்கெல்லாம் உங்கள் இடத்தில் யார் நிற்பது? ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பெயர் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வந்தால், அது மனைவியின் பெயராகத்தான் இருக்கும், நீங்கள் கணக்கில் போடாத ஒரு சம்பளமில்லாத வேலையாள் உங்கள் ஒஃபருக்குள் ஒளிந்திருக்கிறார் என்று அர்த்தம். அவர் ஏற்கனவே முழுநேர வேலையில் இருப்பவர். இந்தச் சுமையில் வங்கி வேலையை அவர் விட நேர்ந்தால் 85 இலட்சக் கணக்கு கிழிந்துவிடும், அவரின் ஈபிஎஃப்பும் பதவி உயர்வும் அதோடு போகும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் பார்த்த குடும்பங்களில் அதிகமாக நடந்தது இதுதான், வெளியே "பிள்ளைகளைப் பார்க்க வேலையை விட்டுவிட்டார்" என்று சொல்வார்கள்.

"உங்கட விருப்பம்" என்பதைச் சம்மதம் என்று எடுக்காதீர்கள். வேண்டாம் என்று சொன்னால் நாளைக்குக் காசு முடையாகும்போது "நீதானே தடுத்தாய்" என்ற பேச்சு வரும், போங்கள் என்று சொன்னால் எல்லாச் சுமையும் தானாகக் கேட்டு வாங்கியதாகிவிடும். அதனால் பொறுப்பை உங்களிடமே தள்ளியிருக்கிறார், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். அவரிடம் போகட்டுமா என்று கேட்காமல் வேறு மாதிரிக் கேளுங்கள்: "நான் போனால் உனக்கு என்னென்ன வேண்டும்?" பட்டியல் வரும். வீட்டில் ஒரு ஆள், அம்மா கொஞ்ச நாள் தங்கச்சி வீட்டில் இருப்பது, மாதத்தில் ஒரு நாள் தனக்கென்று லீவு, எதுவோ. அந்தப் பட்டியலைச் செய்ய முடியாவிட்டால் போகாதீர்கள். உங்கள் அம்மாவை மருமகளிடம் விட்டுப் போகும்போது இருவருக்கும் நடுவில் இப்போது நீங்கள் இருக்கும் இடம் காலியாகும் என்பதையும் யோசியுங்கள், நல்லபடி இருக்கும் மாமி மருமகளுக்குள்ளும் அது லேசாக இருக்காது.

தினமும் வீடியோ கோலில் பேசலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். டோஹா நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். சைட் பஸ் காலை 5 மணிக்கு என்றால் இங்கே ஏழரை, மகள் பள்ளியில். மாலை 6 மணிக்கு வேலை முடிந்து, ஒரு மணித்தியாலம் டிரபிக்கில் இருந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனை எடுக்கும்போது இங்கே இரவு 10 மணி தாண்டியிருக்கும், பிள்ளைகள் தூக்கம், மனைவி அரைத்தூக்கம். வெள்ளிக்கிழமை உங்களுக்கு விடுமுறை, இங்கே பள்ளி நாள். சனியும் ஞாயிறும் இங்கே வீடு முழுவதும் ஆட்கள், அங்கே நீங்கள் சைட்டில். ஒரே ஒரு நல்ல இடைவெளி உங்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரம், அங்கே 12 என்றால் இங்கே இரண்டரை, பிள்ளைகள் அப்பம்மாவோடு இருப்பார்கள். அந்த 15 நிமிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள், அம்மாவுக்கு ஒரு நல்ல போனும் வாங்கிக் கொடுங்கள். மனைவிக்கு வெள்ளிக்கிழமை அவரின் சாப்பாட்டு நேரம். நேரம் குறித்துவைத்துப் பேசும் குடும்பங்கள் தாக்குப்பிடித்தன, "நேரம் கிடைக்கும்போது" என்று விட்டவர்களின் பேச்சு கொஞ்ச நாளில் பள்ளிக் கட்டணம், கரண்ட் பில், மருந்து என்று காசுக் கணக்காக மட்டும் சுருங்கிவிட்டது.

பிள்ளைகளின் வயதைப் பற்றி என் அபிப்பிராயம் பலருக்குப் பிடிக்காது. சின்னப் பிள்ளைகளை விட்டுப் போவது கொடுமை, வளர்ந்தபிறகு போகலாம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2 வயதுக்காரன் உங்களை மறப்பான், முதல் லீவில் வரும்போது தாயின் சீலைக்குப் பின்னால் ஒளிவான், உங்களுக்குத்தான் நெஞ்சு வலிக்கும், ஒரு வாரத்தில் தோளில் ஏறிவிடுவான். 14 வயதில் அப்பா இல்லாத வீடு வேறு விதமானது. சாதாரண தரப் பரீட்சை, டியூசன் முடிந்து லேட்டாக வருவது, கையில் போன், எதிர்த்துப் பேசும் வயது. அங்கே தாய் தனியாக நிற்பது மிகக் கடினம், காசு அனுப்பும் அப்பாவை அந்த வயதுப் பிள்ளை மதிப்பதும் இல்லை. ஆகவே போவதென்றால் இப்போது போய், மகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்கு வருமுன் திரும்பிவிடுவது எவ்வளவோ நல்லது. இந்த வயதில் தொடங்கிய கொன்ட்ராக்ட் அந்த வயது வரை நீளும்போதுதான் பிரச்சினை.

குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாமே என்று சிலர் சொல்வார்கள். டுபாயில் 4,000 திர்ஹம் சம்பளம் இருந்தாலே குடும்ப விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டியபிறகு அந்தச் சம்பளத்தில் மிச்சம் ஒன்றும் இருக்காது, மனைவியின் வேலையும் போகும். உங்கள் அம்மாவையும் யோசித்தால் இது உங்களுக்கு ஒத்துவராது.

நீங்கள் கேட்காத இரண்டு வழிகளைச் சொல்கிறேன். மாலைதீவு: ஒன்றரை மணித்தியால விமானம், அரை மணித்தியால நேர வித்தியாசம், ஹோட்டல் கட்டுமானத்தில் நம் கியூஎஸ்கள் நிறையப் பேர். சம்பளம் கட்டார் அளவுக்கு வராது, ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும்படி பேச இடம் உண்டு. மற்றது, கொழும்பில் இருந்தே ஆஸ்திரேலிய, பிரித்தானியக் கம்பனிகளுக்கு அளவெடுப்பும் எஸ்டிமேட்டும் செய்துகொடுக்கும் வேலை. ஆஸ்திரேலியாவுக்கு என்றால் விடியற்காலை 5 மணிக்குத் தொடங்கி மத்தியானத்துக்குப் பிறகு முடித்துவிடலாம், மகள் பள்ளி விட்டு வரும்போது வீட்டில் இருப்பீர்கள். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில் வங்கி மூலம் வரும் வருமானத்துக்கு இப்போது அதிகபட்ச வரி 15 சதவீதம். இதில் மாதம் உங்கள் இப்போதைய சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு வந்தாலே நான் டோஹாவை மறந்துவிடுவேன். மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் பாருங்கள், வித்தியாசம் நினைத்த அளவுக்கு இல்லை.

இதெல்லாம் பார்த்தபிறகும் டோஹாதான் என்றால், சம்பளத்தைக் கூட்டிக் கேட்பதை விட்டுவிட்டு மூன்று விஷயங்களுக்குச் சண்டை பிடியுங்கள். தங்குமிடம் கம்பனி தர வேண்டும். பேசிக் 5,500 என்பது பாதிதான், பணிக்கொடை அதை வைத்துத்தான் என்பதால் 7,000க்கு மேல் போகட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் லீவு: சட்டத்தில் முதல் 5 வருடத்துக்கு வருடம் 3 வாரம்தான் குறைந்தபட்சம், உங்களுக்கு 30 நாள் தருகிறார்கள், அதை இரண்டாகப் பிரித்து இரண்டு டிக்கெட்டோடு கேளுங்கள், ஒன்று ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில், மற்றது டிசம்பரிலோ ஏப்ரலிலோ. ஒரு டிக்கெட்டின் விலை கம்பனிக்குத் தூசு. வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வரும் அப்பா விருந்தாளி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கிழமை வருபவர் அப்படி இல்லை, ஏனென்று எனக்கு விளக்கத் தெரியவில்லை, பார்த்தது அதுதான். இந்த மூன்றில் லீவும் இல்லை, தங்குமிடமும் இல்லை என்றால் மறுத்துவிடுங்கள், வேறு ஒஃபர் வரும்.

பேப்பர் வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தரமுல்லையில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போக வேண்டாம், பதிந்தவருக்குத்தான் காப்புறுதியும் அங்கே சிக்கல் வந்தால் கேட்க ஆளும். ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1989க்கு அடித்துக் கேட்கலாம். உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட மனைவிக்கு அற்றோர்னித் தத்துவம் எழுதிக்கொடுங்கள், வங்கிக் கணக்கில் அவர் பெயரும் இருக்கட்டும், ஒரு ஆயுள் காப்புறுதி எடுங்கள். மிச்சம் பிடிப்பதை உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம்) அனுப்பாமல் வங்கியில் வெளிநாட்டு நாணயக் கணக்கிலேயே வைத்திருங்கள், வீட்டுச் செலவுக்கு மட்டும் ரூபாவாக மாற்றினால் போதும். அந்த 200,000க்கு மேல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள், கஞ்சத்தனம் என்று சொந்தக்காரர்கள் சொல்லட்டும்.

ராஜினாமாக் கடிதத்தை அவசரப்பட்டுக் கொடுத்துவிட வேண்டாம். கொழும்பில் 2018இல் திறந்த கட்டார் விசா நிலையத்தில் கைவிரல் அடையாளம், மருத்துவம் எல்லாம் எடுத்துக் கொன்ட்ராக்டையும் காட்டுவார்கள்; ஒஃபர் கடிதத்தில் இருக்கும் பேசிக்கும் லீவும் அதிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வையுங்கள், வித்தியாசம் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். விசா வந்தபிறகு முதலில் உங்கள் கம்பனியிடம் இரண்டு வருடம் சம்பளமில்லா லீவு தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள், நல்ல கியூஎஸ்ஸை இழக்க விரும்பாத கம்பனிகள் சில தருகின்றன, இடமும் காத்திருக்கும். தராவிட்டால் விலகலாம். 7 வருடத்துக்குப் பணிக்கொடை 735,000 வர வேண்டும், சட்டப்படி விலகி 30 நாளுக்குள். ஈபிஎஃப்பை இப்போது எடுக்க முடியாது, கொன்ட்ராக்டுக்குப் போவது நிரந்தரமாகக் குடிபெயர்வது ஆகாது. அது அங்கேயே கிடந்து வட்டி சேரட்டும். ஈடிஎஃப்பை விலகியதும் எடுக்கலாம், எடுத்து அம்மாவின் மருந்துச் செலவுக்கென்று மனைவியின் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.